லாரி ஏறும் குதிரை

என் தாத்தா கணக்கெழுதிய மிளகுக் கிடங்குக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை தினமும் காலையில் குதிரையில் வருவாராம். ஃபோர்ட் கொச்சியில் பங்களா, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கிடங்கு. நடுவில் இரண்டு மைல் இருந்தால் அதிகம். குதிரைக்காரன் பின்னாலேயே ஓடி வருவான். துரை இறங்கியதும் கடிவாளத்தை வாங்கிக்கொண்டு, சுக்கு புடைக்கும் பெண்களுக்கும் உந்துவண்டிகளுக்கும் நடுவில் ஒரு நிழல் தேடி நிற்பான். தாத்தாவுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. அவர் சொல்ல வந்த கதையே வேறு. ஒருநாள் அந்தக் குதிரை, திண்ணையில் விரித்து வைத்திருந்த ஒரு சேட்டின் பேரேட்டில் பாதிப் பக்கத்தைத் தின்றுவிட்டது. அதன்பிறகு சேட்டுக்குக் கடன்பட்டவர்கள் எல்லோரும் “நான் அப்பவே கொடுத்துட்டேனே, குதிரை தின்ன பக்கத்துல இருந்ததே” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம். கடைசிவரை சேட் குதிரைக்குக் கும்பிடு போட்டு ஒதுங்கித்தான் நடப்பார் என்பார் தாத்தா.

இதில் தாத்தா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இன்னொரு விஷயம்தான் எனக்கு இப்போது சுவையாகத் தெரிகிறது. அந்த இரண்டு மைலுக்குள் துரை ஒரு ராஜ்ஜியத்தை விட்டு இன்னொரு ராஜ்ஜியத்துக்குள் வந்துவிடுவார். ஃபோர்ட் கொச்சி அப்போது பிரிட்டிஷ் கொச்சி. மலபார் ஜில்லாவோடு சேர்ந்து சென்னை மாகாணத்தின் கீழ் இருந்தது. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவுடையது. ஆக, துரை சென்னை மாகாணத்தில் காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு மகாராஜாவின் சீமையில் மிளகு எடை பார்ப்பார். குதிரையை யாரும் தடுத்து நிறுத்திக் காகிதம் கேட்டதில்லை. இன்று என் பேத்தி ஏறுகிற குதிரைக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது. எனக்கு இல்லை.

குதிரை என்பது இந்த ஊருக்கு என்றைக்கும் ஒட்டாத பிராணிதான். 14ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த இபன் பதூதா எழுதி வைத்திருக்கிறார்: மலபாரில் யாரும் மிருகங்களின் மேல் ஏறிப் பயணம் போவதில்லை, குதிரை அரசனிடம் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் ஆள் தூக்கும் டோலியில் போவார்கள், அதற்கு வழியில்லாதவர்கள் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் நடப்பார்கள். பார்த்தால் தெரியும்தானே. நாலு அடிக்கு ஒரு ஓடை, எட்டு அடிக்கு ஒரு காயல், ஆறு மாதம் மழை, மிச்ச மாதம் சேறு. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே நிஜக் குதிரையை நம்பியும் இறங்க முடியாது. பிரபுக்கள் மஞ்சலில் போனார்கள், சரக்கு வள்ளத்தில் போனது, சாமி யானைமேல் போனார். கேரளத்தில் குதிரைகள் கூட்டமாக நின்று நான் பார்த்த ஒரே இடம் திருவனந்தபுரம் குதிரைமாளிகை. சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனை. கூரைக்குக் கீழே வரிசையாக 122 குதிரைகள். அத்தனையும் மரம்.

ரயிலைக்கூடக் கொச்சி யானையை வைத்துத்தான் வாங்கியது. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலின் பதினைந்து தங்க நெற்றிப்பட்டங்களில் பதினான்கை ராஜரிஷி ராமவர்மா விற்று, ஷொரணூர் – எர்ணாகுளம் பாதைக்குப் பணம் புரட்டினார் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. 1902-இல் வண்டி ஓடத் தொடங்கியது. குதிரையை விற்று ரயில் விட்டதாகக் கதை இல்லை. விற்கும் அளவுக்குக் குதிரை ஏது?

தமிழ்நாட்டுப் பக்கமும் நாம் பெரிதாக மார்தட்டிக்கொள்ள முடியாது. பாண்டியர்கள் குதிரைக்குக் கொட்டிய பணத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்காகவே எழுதியிருக்கிறார்: ஒரே வியாபாரியிடம் வருஷத்துக்கு 1,400 குதிரை, ஒன்றுக்கு 220 செம்பொன் தினார், கடலில் வரும் வழியில் செத்தாலும் பணம் உண்டு. வாங்கி வந்து என்ன செய்தார்கள்? சோறும் கறியும் ஆக்கிப் போட்டார்கள், வைத்தியம் தெரிந்தவன் கிடையாது, குதிரைகள் பொத்துப் பொத்தென்று செத்தன, மறு வருஷம் மறுபடி வாங்கினார்கள் என்கிறார் மார்கோ போலோ. வைத்தியம் தெரிந்தவர்களை இங்கே வரவிடாமல் பார்த்துக்கொண்டவர்களே குதிரை வியாபாரிகள்தானாம். இந்தப் பின்னணியில் பார்த்தால், குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் மாணிக்கவாசகர் கோயில் கட்டியது எவ்வளவோ புத்திசாலித்தனமான முதலீடு. நரி பரியாகி, ராத்திரியே திரும்ப நரியானதைப் பற்றி அரிமர்த்தன பாண்டியன் அவ்வளவு கோபப்பட்டிருக்க வேண்டியதில்லை. சந்தை நிலவரமே அதுதான்.

எங்கள் காலத்தில் நாங்கள் எதில் போனோம்? கால்தான். பாலஸ் ரோட்டுக்குப் பின்னால் வீடு, பள்ளிக்கூடத்துக்கு நடை, பாட்டு வாத்தியார் வீட்டுக்கு நடை, எர்ணாகுளத்தில் கச்சேரி என்றால் போட். கொஞ்சம் காசு சேர்ந்தால் வாடகை சைக்கிள். குதிரை என்றால் எம்.ஜி.ஆர். படத்தில் பார்ப்பது. ‘நாடோடி மன்னன்’ பார்த்துவிட்டு வந்து, வீட்டுத் திண்ணையின் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து, துண்டைக் கடிவாளமாகப் பிடித்து அம்மாவிடம் அடி வாங்கியவன் நான். மலையாளப் பையன்களுக்கு அதுகூடக் கிடையாது, பாவம். பிரேம் நசீர் பெரும்பாலும் கார்தான் ஓட்டுவார்.

உண்மையான குதிரையைப் பார்த்தது சர்க்கஸில். இன்னும் சரியாகச் சொன்னால், சர்க்கஸுக்கு வெளியில். தலைச்சேரிக்காரர்களின் சர்க்கஸ் எர்ணாகுளம் வரும்போது மிருகங்கள் ரயிலில் வந்து இறங்கும். இறங்கி, கூடாரம் போட்ட மைதானம்வரை தெருவோடு நடந்தே வரும். அதற்குத் தனி விளம்பரம் தேவையில்லை. ஒட்டகம் முன்னால், யானை பின்னால், நடுவில் குதிரைகள். அவற்றின் மேல் ஜரிகை கிரிகை ஒன்றுமில்லாமல், லுங்கியும் பனியனுமாகச் சர்க்கஸ்காரர்கள் சேணமில்லாமல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு வருவார்கள். ராத்திரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அதே குதிரைமேல் சுற்றுவார்கள், டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டும். பகலில் வேலைக்குப் போகிற ஆளைப்போல அதன்மேல் ஏறி வருவதை நாங்கள் ஓசியில் பார்த்தோம். எனக்கென்னவோ அந்தப் பகல் காட்சிதான் இன்னும் மனசில் நிற்கிறது.

இனி இந்தக் காலம்.

பேத்திக்குப் பதின்மூன்று வயது. குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். யார் இந்த யோசனையை அவள் தலையில் ஏற்றினார்கள் என்று வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் கைபேசிதான் குற்றவாளி என்று முடிவாகியது. வகுப்பு ஆலுவாவையும் தாண்டி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுப்பி, பூட்ஸ், தலைக்கவசம், முதுகுக் கவசம், தண்ணீர் பாட்டில், குதிரைக்குக் கேரட் எல்லாம் எடுத்துக் காரில் வைத்து, தோப்பும்படி, வெலிங்டன் தீவு, தேவரா, வைற்றிலா, இடப்பள்ளி என்று ஊரை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். என் மகனின் கார் காகிதத்தில் எண்பது சொச்சம் குதிரை சக்தி. எண்பது குதிரையை ஓட்டிக்கொண்டு ஒரு குதிரையைப் பார்க்கப் போகிறோம். போய் இறங்கினால், முக்கால் மணி நேரம் மணல் போட்ட அடைப்புக்குள் அந்தக் குதிரை வட்டம் அடிக்கும். அவ்வளவுதான், எங்கும் போகாது. முடிந்ததும் மறுபடி எண்பது குதிரை.

இந்த வித்தையின் பயிற்சியாளர் ராணுவத்தில் குதிரைகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்ற திருச்சூர்க்காரர். மீசைக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. அவரிடம் ஒருநாள் கேட்டேன்: “சாரே, பழைய காலத்தில் எங்க ஊர்ல துரைமார் குதிரைமேல ஏறி வேலைக்கே வந்திருக்காங்க. இவளை ஒருநாள் குதிரையிலயே மட்டாஞ்சேரிக்கு அனுப்பினால் என்ன?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாரே, குதிரைக்குப் பயமில்ல, குட்டிக்கும் பயமில்ல. எனக்குப் பிரைவட் பஸ்காரனை நினைச்சாத்தான் பயம்.”

பிறகு விளக்கினார். தார் ரோட்டில் லாடம் வழுக்கும். வெயிலில் தார் கொதிக்கும். நாய் துரத்தினால் குதிரை ஓடாது, உதைக்கும். உதை நாய்மேல் விழாது, பின்னால் வரும் ஸ்கூட்டர்மேல் விழும். இதெல்லாம் போக, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த குதிரை அது. முன்னால் ஏதாவது வேகமாகப் போனால் அதை முந்தாமல் விடக்கூடாது என்று சின்ன வயதில் யாரோ சொல்லிக் கொடுத்ததை இன்னும் மறக்கவில்லை. இடப்பள்ளி ஜங்ஷனில் இது ஆகிற காரியமா?

நியாயம்தான். ஆனால் சட்டத்தைக் கேட்டால் அது வேறு பாட்டுப் பாடும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்துக்குக் குதிரை வாகனமே அல்ல. லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. புக் வேண்டாம், புகைச் சான்று வேண்டாம். 2023 ஜூனில் கேரளம் முழுக்க 726 கேமராக்களை உயிர்ப்பித்து, தலைக்கவசம் போடாதவனையெல்லாம் வீடு தேடிவந்து பிடிக்க ஆரம்பித்தார்கள். குதிரைக்கு நம்பர் பிளேட் இல்லாததால் அந்தக் கேமராவாலும் ஒன்றும் செய்ய முடியாது. சட்டம் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே போக ரோடுதான் இல்லை.

அப்படியும் ஒருத்தி போனாள். 2019 ஏப்ரல், திருச்சூர் மாவட்டம் மாளா. பத்தாம் வகுப்புப் பெண், சீருடை, முதுகில் புத்தகப் பை, ஏறியிருப்பது குதிரை. பரீட்சைக்குப் போகிறாள். யாரோ எடுத்த காணொளி நாலு நாளில் நாடு முழுக்க ஓடியது. ஆனந்த் மகிந்திரா அதைப் பகிர்ந்து, இந்தப் பெண் என் நாயகி, இவள் படத்தைக் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்கிற அளவுக்குப் புகழ்ந்தார். ஜீப்பும் டிராக்டரும் விற்கிற மனிதர், ஜீப்பே இல்லாமல் போகிற பெண்ணைப் பார்த்து மெய்சிலிர்க்கிறார்! அதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பெண்ணின் முகம். சாதனை கீதனை என்று ஒரு பாவனையும் இல்லை. பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்கிற முகம். தாத்தாவின் துரை பஜார் ரோட்டுக்கு வந்ததும் இப்படி ஒரு முகத்தோடுதான் இருக்கும். துரையை யாரும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

குதிரையில் ஏறி எங்காவது போய்ச் சேர்ந்தால் இன்றைக்கு அது செய்தி. 2022 மழைக்காலத்தில் மும்பையில் ஒரு பையன் ஸ்விக்கி பையை முதுகில் மாட்டிக்கொண்டு வெள்ளைக் குதிரையில் போனான். யார் இந்த வீரன், கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 5,000 ரூபாய் என்று கம்பெனியே அறிவித்தது. கடைசியில் கண்டுபிடித்தால் அவன் சாப்பாடு கொண்டுபோகிறவனே இல்லை. லாயத்தில் வேலை பார்க்கிற பையன். கல்யாண ஊர்வலத்துக் குதிரைக்குப் போடும் ஜோடனைத் துணிகளை யாருடைய பையிலோ வைத்து எடுத்துப் போயிருக்கிறான். நாடே அவன் பிரியாணி கொண்டு போவதாக நினைத்துவிட்டது. பிறகு 2024 ஜனவரியில் லாரிக்காரர்கள் போராட்டத்தால் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டபோது, ஹைதராபாத்தில் ஒரு ஜொமாட்டோ ஆள் நிஜமாகவே குதிரையில் சாப்பாடு கொண்டுபோனார். இந்த இருவரில் சாப்பாடு கொண்டுபோகக் குதிரை ஏறியவர் இவர்தான். பரிசு அறிவிப்பு அவனுக்குத்தான்.

போன வருஷம் பேத்திக்குப் பெங்களூரில் போட்டி வந்தது. தடை தாண்டும் போட்டி, அவள் வயதுப் பிள்ளைகளுக்கு. இந்த இடத்தில்தான் நான் வாழ்நாளில் பார்த்திராத காட்சியைப் பார்த்தேன்: குதிரையை லாரியில் ஏற்றுவது.

லாரியின் பின்கதவைச் சாய்த்துப் பலகையாக்கி, கால் வழுக்காமல் அதன்மேல் கயிற்றுப் பாய் விரித்திருந்தார்கள். உள்ளே வைக்கோல். குதிரையின் நாலு கால்களுக்கும் பஞ்சு வைத்துக் கட்டு, வாலுக்கு ஒரு கட்டு, தலைக்கு மேலே இடித்துக்கொண்டால் வலிக்காமல் ஒரு தோல் தொப்பி. பேத்தி முன்னால் வெல்லக் கட்டியோடு நின்று கூப்பிட்டாள். குதிரை கழுத்தை நீட்டியது, வெல்லத்தை நாசூக்காக உதட்டால் எடுத்துக்கொண்டது, முன்னங்காலைப் பலகையில் வைத்தது. பலகை ‘தங்’ என்றது. அவ்வளவுதான், பின்னால் போய்விட்டது. மறுபடி வெல்லம். மறுபடி ஒரு கால். மறுபடி பின்னால். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று பாட்டி சொல்வாளே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். லாரி டிரைவர் பொள்ளாச்சிக்காரர். மாடு ஏற்றிப் பழகியவர். “ரெண்டு தட்டு தட்டினா ஏறிடும் சார்” என்றார். பயிற்சியாளர் பார்த்த பார்வையில் அவர் டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார். கடைசியில் இரண்டு பேர் குதிரையின் பின்பக்கம் கைகளைக் கோத்து மெல்லத் தள்ள, ஒருவர் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். மனிதனை அத்தனை நூற்றாண்டு சுமந்ததற்கு ஒரே காலை நேரத்தில் வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டது குதிரை.

காகிதங்கள் தனி. கால்நடை மருத்துவரின் சான்றிதழ். தடுப்பூசிக் குறிப்பு. பாஸ்போர்ட். அதில் போட்டோவுக்குப் பதிலாகக் குதிரையின் கோட்டுருவம். எங்கே சுழி, எந்தக் காலில் வெள்ளை, நெற்றியில் என்ன வடிவத்தில் திட்டு என்றெல்லாம் வரைந்து காட்டியிருக்கிறது. என் ஆதார் அட்டைப் படத்தைவிட நூறு மடங்கு ஜாடை ஒத்துப்போகிறது. மிருகங்களை ஏற்றிச் செல்வதற்கான 1978ஆம் வருஷத்து விதிகளைப் பயிற்சியாளர் மடித்துப் பையில் வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். ஒரு வண்டியில் நாலிலிருந்து ஆறு குதிரைக்கு மேல் கூடாது. நல்லது. வண்டி மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்த இடத்தில் நின்றுவிட்டேன். நாலுகால் பாய்ச்சலில் குதிரை மணிக்கு நாற்பதை அநாயாசமாகத் தாண்டும். அதைத் தூக்கிச் செல்கிற லாரி முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது! கொச்சியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 550 கிலோமீட்டர். சட்டப்படி போனால் எங்கும் நிற்காமல் பதினாறு மணி நேரம். டிரைவரிடம் சொன்னேன். “அப்படிப் போனா பின்னால வர்றவன் என்னை உயிரோட விடுவானா சார்?” என்றார். விதி குதிரைக்காக எழுதப்பட்டது. அவர் பாவம், வாளையார் எல்லைச் சாவடிக் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறவர்.

வாளையாரில் சான்றிதழைப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், குதிரையையும் ஒருமுறை பார்த்தார்கள். இதே பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் 1789-இல் திப்பு சுல்தானின் குதிரைப்படை திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைப் பார்த்து வந்தது. அன்றைக்கு யாரும் மருத்துவச் சான்றிதழ் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் பழங்கதை பேசுகிறேன் என்று மகன் சொல்வான். சரி, உலகத்தையே பார்ப்போம். 1956 ஒலிம்பிக் மெல்போர்னில். ஆனால் குதிரை நோய்களுக்குப் பயந்து ஆஸ்திரேலியா வெளிநாட்டுக் குதிரைகளை உள்ளே விடவில்லை. குதிரைப் போட்டிகளை மட்டும் ஜூன் மாதமே ஸ்டாக்ஹோமில் நடத்திவிட்டார்கள். மிச்ச ஒலிம்பிக் நவம்பரில், பூமியின் அந்தக் கோடியில். குதிரை போட்டிக்குப் போக முடியாமல், போட்டி குதிரையைத் தேடி வந்தது. நம் கதை இதற்குத் தலைகீழ். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் ஷாஜாதா என்கிற குதிரையில் தங்கம் வாங்கினார். அடுத்த தங்கத்துக்கு 41 வருஷம் ஆயிற்று. 2023-இல் ஹாங்சோவில் அனுஷ் அகர்வாலா, சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் சேடா நால்வரும் குழுவாக வென்றார்கள். அதற்காக அவர்கள் சின்ன வயதிலேயே ஐரோப்பாவுக்குப் போய், அங்கேயே தங்கி, அங்கத்திய குதிரைகளில் பயின்றார்கள். இங்கிருந்து ஒரு குதிரையை அங்கே கொண்டுபோவதைவிட, ஒரு குடும்பம் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புவது சுலபம்.

அந்தியூரைப் பாருங்கள். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை. திப்பு காலத்திலிருந்து நடப்பதாகச் சொல்வார்கள். கத்தியவாரும் மார்வாரியும் லட்சக்கணக்கில் விலை போகும். மேளத்துக்கு ஆடுகிற குதிரைக்குக் கூடுதல் விலை. ஒருகாலத்தில் விற்கிறவன் ஏறி வந்தான், வாங்குகிறவன் ஏறிப் போனான். வழிநெடுக நடந்து வந்ததே குதிரையின் நடைக்குச் சான்று. இப்போது லாரியில் வந்து இறங்குகிறது, பத்தடி நடத்திக் காட்டுகிறார்கள், அடுத்த லாரியில் ஏறுகிறது. ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் வேட்டை நாய்களோடு நரியைத் துரத்திப் புல்வெளிகளில் குதிரை ஓட்டினார்கள். வேட்டை தொடங்கும் இடத்துக்கும் குதிரைமேல்தான் போனார்கள். நரிக்குப் பின்னால் பரி ஓடியதைப் பார்த்திருந்தால் மாணிக்கவாசகருக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

பெங்களூருக்கு மகனும் பேத்தியும் விமானத்தில் போனார்கள். நான் ராத்திரி ரயிலில். ஆக, குதிரை லாரியில், பெண் ஆகாயத்தில், கிழவன் தண்டவாளத்தில், குதிரைக்காரப் பையன் லாரியில் குதிரையின் பக்கத்தில் வைக்கோல்மேல். எங்கள் எல்லோரிலும் நன்றாகத் தூங்கியது அவன்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நடத்தியே கூட்டிப் போயிருந்தால் ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் வீதம் இரண்டு வாரம் ஆகியிருக்கும். பேத்தி அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். “ஸ்கூலுக்கு லீவு கிடைக்குமே தாத்தா.”

மைதானம் ஜோராக இருந்தது. வெள்ளை வேலி, பூந்தொட்டி, வரிசையாகப் பெரிய பெரிய வண்டிகள். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு லாரி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கார், ஒவ்வொரு தாய்க்கும் ஒரு கவலை. நடந்து வந்த குதிரை என்று விசாரித்ததில் ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவர் மட்டும் மாட்டுவண்டியில் புல்லுக்கட்டு கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த மைதானத்துக்கு மிருகத்தால் வந்து சேர்ந்த ஒரே மனிதர் அவர்தான். யாரும் படம் எடுக்கவில்லை.

பேத்தியின் முறை வந்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நடுவரைப் பார்த்துத் தலை தாழ்த்தி, மணி அடித்ததும் கிளம்பினாள். முதல் தடையை அழகாகத் தாண்டினார்கள். இரண்டாவதிலும் பிசகில்லை. மூன்றாவது தடை நீலமும் வெள்ளையுமாக வர்ணம் அடித்த பலகை. குதிரை அதைப் பார்த்தது, காதைப் பின்னால் மடித்தது, நின்றுவிட்டது. திருப்பிக் கொண்டுவந்து மறுபடி செலுத்தினாள். மறுபடி நின்றது. லாரிப் பலகையின் முன்னால் நின்ற அதே நிற்பு. மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. குதிரை குப்புறத் தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, லாரி வாடகை திரும்பிப் போவதற்கும் சேர்த்துத்தான்.

பேத்தி அழுவாள் என்று நினைத்தேன். இறங்கி, சேணத்தின் பட்டையைத் தளர்த்தி, குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்து, மிச்சமிருந்த வெல்லத்தையும் ஊட்டிவிட்டாள். “அது பலகையைப் பார்த்ததும் திரும்பவும் லாரியில ஏத்தப் போறாங்கன்னு நினைச்சிடுச்சு தாத்தா” என்றாள். பயிற்சியாளர் மீசையைத் தடவிக்கொண்டு, அப்படியும் இருக்கலாம் என்றார்.

குதிரை இரண்டு நாள் ஓய்வெடுத்துத் திரும்பி வந்தது. இவர்கள் அன்றைக்கு ராத்திரியே விமானம் ஏறிவிட்டார்கள். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். வேன் ஏழு மணிக்கே வந்துவிடும், கருவேலிப்படி, தோப்பும்படி எல்லாம் சுற்றி எட்டரைக்குப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும்.